ஆரியா என்று கூவியவர்

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, சரியாக நினைவில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்த வருஷம். அப்போது நான் பாடியில் ஒரு இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஓடும் கிரேன் இல்லை. ஷெட்டுக்குள்ளே, கூரைக்குக் கீழே, இரண்டு பக்கமும் தண்டவாளம் போட்டு அதன் மேல் ஓடும். அதன் ஓரத்தில் ஒரு தகரக் கூண்டு தொங்கும். அதில்தான் நான் உட்கார்ந்திருப்பேன். காலையில் ஏணியில் ஏறினால் மதியம் இறங்குவேன். சில நாள் சோற்றையும் மேலேயே கொண்டுபோய்விடுவேன். ஏறி இறங்குவது பெரிய வேலை.

கூண்டில் பேச்சுத்துணை கிடையாது. கீழே கிரைண்டர் சத்தம், சுத்தியல் சத்தம். யார் பேசினாலும் வாய் அசைவதுதான் தெரியும். எனக்கு அது பழகிவிட்டது. வீட்டிலும் தனி ஆள்தான். கொரட்டூரில் ஒரு ரூம். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை.

கிரேன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கீழே ஒரே ஒருவர் சொல்வதைத்தான் கிரேன்காரன் கேட்க வேண்டும். அவரைக் கலாசி என்போம். பாரத்தைக் கட்டி, கொக்கியில் மாட்டி, விரலைச் சுற்றிக் காட்டினால் ஏற்ற வேண்டும். இறக்க வேண்டும் என்றால் 'ஆரியா' என்று கூவுவார். முதலாளியே நின்று கத்தினாலும் நாம் அசையக்கூடாது. 'நிறுத்து' என்பதை மட்டும் யார் சொன்னாலும் கேட்கலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு கிரேன் கற்றுக்கொடுத்தவரிடம் ஆரியா என்றால் என்ன என்று கேட்டேன். "எறக்குன்னு அர்த்தம். வேற இன்னா வோணும்?" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

எனக்குக் கீழே ஒன்பது வருஷம் ஒரே கலாசி. ஐம்பது வயசு இருக்கும். ஒல்லி. கான்ட்ராக்ட் ஆள். காலையில் நான் ஏணியில் கால் வைக்கும்போது கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். சாயங்காலமும் அப்படித்தான். நடுவில் அவர் சொல்வது ஆரியா மட்டும். அதை அவர் ஒரு மாதிரி கூவுவார். 'ஆ' என்று நீளமாக இழுப்பார். நடுவில் ஒரு மூச்சு நிறுத்துவார். பிறகு 'ரியா' என்று சின்னதாக, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல முடிப்பார். கிரைண்டர் சத்தத்திலும் அது என் காதுக்கு வந்துவிடும்.

அவர் ஷெட்டில் இருந்த தெலுங்கு பிட்டரிடம் தெலுங்கு பேசுவார். இந்திக்கார லாரி டிரைவர்களிடம் இந்தி. டீக்கடையில் மலையாளம். எங்களிடம் தமிழ். எல்லாமே இரண்டொரு சொல்தான். சொந்தப் பேச்சு எது என்று தெரியாது. எங்கோ தூரத்து ஆள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். எந்த ஊர் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. மழையால் ஷெட் வாசலில் தண்ணீர் நின்றது. இரண்டு டன் தகடு ஒன்றைத் தூக்கிக் கொண்டுபோய் வெட்டு மேடையில் வைக்க வேண்டும். பாரம் மேலே இருந்தது. அவர் எப்போதும் போலக் கீழே நின்றவர்களைக் கையால் விரட்டிவிட்டு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். வரவில்லை. வலது கை அப்படியே தொங்கியது. இரண்டடி தள்ளாடி முன்னால் வந்து உட்கார்ந்தார். பிறகு படுத்துவிட்டார், தகட்டுக்கு நேர் கீழே.

ஆட்கள் ஓடி வந்தார்கள். எல்லாரும் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் வந்தார்கள். "எறக்குடா" என்று ஒருவன் கத்தினான். "அய்யோ எறக்காத" என்று இன்னொருவன். சொல்ல வேண்டியவர் தரையில் கிடந்தார். என் கை லிவரில் இருந்தது. அவர் சொல்லாமல் நான் கிரேனை நகர்த்தியதே இல்லை. அன்று நகர்த்தினேன். அங்குலம் அங்குலமாகத் தகட்டைப் பக்கவாட்டில் கொண்டுபோய் வெற்று இடத்தில் இறக்கினேன். பிறகுதான் ஏணியில் இறங்கி அவரிடம் ஓடினேன்.

கம்பெனி லாரியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் திறந்திருந்தது; எது கேட்டாலும் தலைகூட அசைக்கவில்லை. நர்ஸம்மா பேப்பரை வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"நீங்க இவருக்கு யாரு?"

"கூட வேலை செய்றவன்."

"எத்தன வருஷமா?"

"ஒம்பது."

"ஊரு? சம்சாரம், புள்ளைங்க?"

"தெரியாதுங்க."

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

டாக்டர், இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்றார். சொந்தக்காரர்கள் இருந்தால் சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார். யாரும் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆள் இல்லாதவர்களைப் போடும் வார்டு ஒன்று பின்னால் இருக்கிறது என்றார். அதன் வழியாகத்தான் நான் வெளியே வந்தேன். ஜன்னல் ஓரம் ஒரு கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நின்று பார்த்தேன். நாளைக்கு நான் கூண்டில் விழுந்தால் என்னைப் பற்றி எவனுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டேன். கான்ட்ராக்டரிடம் போனேன்.

"ஊரா? அத்த எவன் கேட்டான்? கூப்ட்டேன், வந்தான், வேலைய பாத்தான். போதாதா?" என்றார். ஆனாலும் நோட்டை எடுத்துப் போட்டார். பெயர் இருந்தது. எந்த ஊரிலும் இருக்கிற பெயர். ஊர் என்ற இடத்தில் இரண்டு சின்னக் கோடு. மேலே உள்ளதே என்று அர்த்தம். மேலே இருந்தவருக்கு ஆரணி என்று எழுதியிருந்தது. இவருக்குக் கீழே பதினோரு பேர். பதினோரு பேருக்கும் அதே இரண்டு கோடுதான். அதில் நாலு பேரை எனக்கே தெரியும், ஆரணிப் பக்கமே போகாதவர்கள்.

அவர் படுத்துக்கொண்டிருந்த கொட்டகையில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சவரக் கத்தி, ஊசி நூல். ஒரு கடுதாசி இல்லை. சாமி படமும் இல்லை. அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்பதும் தெரியவில்லை. செத்தால் எரிப்பதா புதைப்பதா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

கையில் இருந்தது ஒரே ஒரு சொல்தான். அது எந்தப் பாஷை என்று தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

ஷெட்டில் போய்க் கேட்டேன். கறுப்புச் சட்டை போடும் வெல்டர் ஒருவர் உண்டு. "அண்ணாத்தே, ஆரியன்னாலே நம்மள கீழ எறக்கறவன்தானே? இதுக்குப் போயி ஊர் ஊரா அர்த்தம் கேட்டுகினு திரியணுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அந்த வெல்டர்தான் முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தெலுங்கு பிட்டர் தலையை ஆட்டினார். "அது எங்க மாட்ட, எங்க வார்த்த. விசாகப்பட்டணம் ஹார்பர்ல இப்படித்தான் கூவுவாங்க. தெலுகுதான், சந்தேகமே லேது" என்றார். அப்படியானால் இவர் உங்கள் ஊரா என்றேன். "லேது. இவரு பேசறது கேட்டுக் கத்துக்கிட்ட தெலுகு" என்றார்.

டீக்கடைச் சேட்டா, "அது நம்மட கலாசிமாரோட வாக்காணு. எங்க நாட்டுல ஆரியன்னு ஒரு நெல்லும் உண்டு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "பட்சே, அவரு மலையாளி அல்ல. ஒம்பது வருஷத்துல ஒரு நாளு எங்கிட்ட பாலில்லாத்த கட்டன் சாயா கேட்டதில்ல."

ஆவடி குவார்ட்டர்ஸில் கல்கத்தாக்காரர் ஒருவர் இருப்பதாக ஸ்டோர் கிளார்க் சொன்னார். மழையில் ரயில் பிடித்துப் போனேன். அவர் நல்ல மனுஷர். தமிழ் அரைகுறை. "எங்க பக்கம் ஆர்யான்னா பெரிய மனுஷன். ஆனா கப்பல் நிக்கிற டாக்ல போனா, எறக்கு. ரெண்டும் வேற வேற" என்றார். என்னோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். கட்டில் பக்கம் குனிந்து இந்தியில் பேசினார், பெங்காலியில் பேசினார். கலாசி அவரைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். தெலுங்கு பிட்டர் வந்து பேசியபோதும் அப்படித்தான். டீக்கடைச் சேட்டா பேசியபோதும் அப்படித்தான். நான் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அம்பத்தூர் மாதா கோயிலுக்குப் போனேன். நான் கிறிஸ்மசுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவன். அங்கே இருந்த வயசான சாமியார் கோவாவில் படித்தவர் என்று சொல்வார்கள். நாலு பாஷை தெரியும். நனைந்த சட்டையோடு போய் நின்று, சாமி, ஆரியா என்றால் என்ன என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். உட்காரச் சொன்னார்.

"அது போர்ச்சுகீசு வார்த்தைப்பா. பாய இறக்கு, கொடிய இறக்குன்னு சொல்ல, அரியான்னு கத்துவாங்க. நம்ம அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் வந்த மாதிரி இதுவும் கப்பல்ல வந்ததுதான். இதையே ஒரு இத்தாலிக்காரன் காதுல சொன்னா காத்துன்னு நினைப்பான், இல்லன்னா பாட்டுன்னு நினைப்பான்."

"அப்ப இவரு எந்த ஊருங்க சாமி?"

"இத வச்சு எப்படிச் சொல்றது? கப்பல் நின்ன ஊருலெல்லாம் இந்த வார்த்தை நின்னுடுச்சு. எல்லாரும் எங்களதுன்னுதான் சொல்வாங்க."

நான் எழுந்துவிட்டேன். மூன்று நாள் வீண் என்று நினைத்தேன். வாசல்வரை வந்தவர் நின்றார்.

"மெட்ராஸ்லயும்தான் கப்பல் நிக்குது. அங்க போய்க் கேட்டியா?"

கேட்கவில்லை. தூரத்து ஆள் என்று நினைத்துக்கொண்டதால் பக்கத்தில் தேடவே தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் பாரிமுனைக்கு பஸ் ஏறினேன். துறைமுகத்து கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை ஓரம் இருபது முப்பது பேர் வேலைக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் அங்கேயே மூன்று பேர் இருந்தார்கள். ஒல்லியாக இருப்பார் என்றேன். "இங்க எவன் நைனா குண்டா கீறான்?" என்றான் ஒருவன். கலாசி, ஆரியா சொல்கிறவர் என்றேன். "நாங்க அல்லாருமே அத்தான சொல்றோம்" என்றார்கள்.

வேறு என்ன சொல்வது? அவரைப் பற்றி எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அவர் கூவுவது மட்டும் தெரியும். நான் சத்தம் போட்டுப் பேசாதவன். முப்பது பேர் முன்னால் நின்று, வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு, அவர் மாதிரியே கூவினேன். 'ஆ' என்று இழுத்து, மூச்சு நிறுத்தி, சின்னதாக 'ரியா' என்று முடித்தேன்.

"இன்னா மாமே, கப்பலையே எறக்கப் போறியா?" என்று ஒருவன் கேட்டான். ஒரே சிரிப்பு. எனக்கு முகம் சுட்டது. மறுபடியும் கூவினேன்.

ஓரத்தில் குந்தியிருந்த ஒரு பெரியவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "டேய், சும்மா இருங்கடா" என்றார். எழுந்து என்னிடம் வந்தார். "இன்னொரு வாட்டி கூவு" என்றார். கூவினேன்.

"நடுவுல நிறுத்தறான் பாரு. அப்டி நிறுத்தறவன் இங்க ஒர்த்தன்தான் இருந்தான். காசிமேட்டுக்காரன். இருக்கறானா?"

இருக்கிறார் என்றேன்.

பெரியவரே கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியில் சொன்னார். வார்த்தை எல்லாருக்கும் ஒன்றுதான், கூவுவது ஆளுக்கு ஆள் வேறு. கப்பல் அடித்தட்டில் வேலை செய்கிறவன் முகத்தைப் பார்க்க முடியாது, கூவுவதை வைத்துத்தான் யார் என்று தெரிந்துகொள்வான். அவர் அங்கிருந்து போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆனாலும் மறக்காது என்றார். எங்கள் பாடியிலிருந்து காசிமேட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

அங்கே கலாசியின் தங்கை இருந்தார். நாற்பது வயசு இருக்கும். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவாமல் அப்படியே நின்றார்.

"உயிரோட கீறாரா?" என்றார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. இவர்களுடைய அம்மா இறந்த அன்று கலாசி கப்பலில் வேலையில் இருந்திருக்கிறார். ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்கள். வரவில்லை. சாயங்காலம் கப்பலில் வேலை முடிந்த பிறகுதான் வந்தார். அதற்குள் எடுத்துவிட்டார்கள். "இனிமே எங்க ஊட்டுப் படி மிதிக்காதன்னு சொல்ட்டேன். கோவத்துல சொன்னேன். அத்த புட்சிகினு போய்ட்டாரு" என்றார்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் அப்போது சொன்னேன். அம்மா, பாரம் மேலே இருக்கும்போது கலாசி நகர முடியாது. அவர் குரலுக்குத்தான் கிரேன் அசையும். மாற்று ஆள் வராவிட்டால் அவர் வர முடியாது. வந்திருந்தால் கீழே நின்றவன் செத்திருப்பான். இதைச் சொன்னேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அத்த அவரு ஒரு வார்த்த சொல்லலியே" என்றார்.

புடவையை மாற்றிக்கொண்டு வந்தார். பஸ் பிடித்துப் போனோம். வார்டுக்குள் போனபோது அவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். தங்கை கால்மாட்டில் நின்று "அண்ணே" என்றார். அவர் கண் திரும்பியது. மூன்று நாள் நாலு பாஷையில் பேசியும் அசையாத முகம். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. தங்கை அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நர்ஸம்மா திட்ட வந்து, திட்டாமல் போய்விட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஒம்பது வருஷமா கூடவே இருந்தீங்களே அண்ணா. எங்களப் பத்தி எதனா சொல்வாரா?"

அவர் ஒன்றும் சொன்னதில்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்கவே இல்லை. இதை எப்படிச் சொல்வது?

"சொல்வாரும்மா. தங்கச்சி ஒண்ணு இருக்குன்னு அடிக்கடி சொல்வாரு" என்றேன்.

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மடியில் இருந்தவர் என்னைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நானும் அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கண் சிமிட்டாமல் பார்த்தார்.

அதன் பிறகு எட்டு மாதம் தங்கை வீட்டில் இருந்தார். நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். சில ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். பேச்சு திரும்பவில்லை. இடது கையால் எழுதிக் காட்டவும் அவருக்குப் படிப்பில்லை. ஒரு தடவை, தங்கை தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், நான் அன்று சொன்னது தப்பா அண்ணே என்று கேட்டேன். அதே மாதிரி பார்த்தார். அவ்வளவுதான். ஆடி மாதம் இறந்துபோனார். தகவல் வந்தது, போனேன்.

இப்போது நான் அவர் வயசைத் தாண்டிவிட்டேன். அந்தப் பார்வையில் என் பொய்க்கு நன்றி சொன்னாரா, தன் வாயால் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன் என்று கோபப்பட்டாரா தெரியாது. ஒன்பது வருஷம் கீழே நின்ற மனுஷனிடம் ஒரு நாள் ஏணியிலிருந்து இறங்கி நாலு வார்த்தை கேட்டிருந்தால் தங்கைக்குச் சொன்ன அந்தப் பதிலை நான் கற்பனை செய்ய வேண்டியிருந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.